இரண்டு பேர் போட்ட பாட்டுக்கு ஒரு பெயர் போதாது

பழைய தமிழ்த் திரைப்பாடல்களைத் தொகுத்தும் மறுபதிப்புச் செய்தும் வெளியிடும் இசை நிறுவனத்தாருக்கும், அந்தப் பட்டியல்களைத் தயாரிக்கும் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்தால் முதலில் பாட்டு, அப்புறம்தான் மிஷின். முப்பது வருஷமாக இதுதான் பழக்கம். நீங்கள் வெளியிட்ட தொகுப்புகளை இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் காசு கொடுத்து வாங்கியவள் என்ற உரிமையில், விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த பாட்டுகளுக்கு நீங்கள் ஒருவர் பெயரை மட்டும் போடுவதைப் பற்றி இதை எழுதுகிறேன்.

போன ஆடித் திருவிழாவில், எங்கள் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் புதிர்ப்போட்டி நடந்தது. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ படத்துக்கு இசை யார் என்று ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். மணியடித்து எழுந்து, “விஸ்வநாதன் ராமமூர்த்தி” என்றாள். நடத்தியவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, “தவறு. எம்.எஸ்.விஸ்வநாதன்” என்றார். புள்ளி அடுத்த குழுவுக்குப் போனது.

போட்டி முடிந்ததும் நான் மேடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பையிலிருந்து ஒரு குறுந்தட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். “அக்கா, நீங்களே பாருங்க. கம்பெனிக்காரங்களே ஒரு பேருதான் போட்டிருக்காங்க. நான் எதை நம்பறது?” அட்டையில் எம்.எஸ்.வி. சிரித்துக்கொண்டிருந்தார். 22 பாட்டு. ‘நெஞ்சம் மறப்பதில்லை’ ஏழாவது. ராமமூர்த்தி என்ற எழுத்து முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, உள்ளே மடித்து வைத்த தாளிலும் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பிள்ளை கேட்டாள்: “ஆண்ட்டி, நீங்கதானே ரெண்டு பேர்னு சொன்னீங்க?”

அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் வயலின் வாசித்தவர் டி.கே.ராமமூர்த்தி. ஆர்மோனியம் வாசித்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1952ல் சுப்பராமன் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட ‘தேவதாஸ்’ முதலான படங்களின் வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அதே வருஷம் ‘பணம்’ படத்தில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. 1965ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை அந்தச் சேர்க்கை நீடித்தது. ராமமூர்த்தி 1922ல் திருச்சியில் பிறந்தவர், விஸ்வநாதன் 1928ல் பாலக்காட்டுப் பக்கம் பிறந்தவர். வயதில் ஆறு வருஷம் மூத்தவர், பெயரில் இரண்டாவதாக நின்றார். பதின்மூன்று வருஷம் அப்படியே நின்றார். அந்த இரண்டாவது இடத்தையும் இப்போது எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஒரே வருஷத்தில் வந்தவை. ‘காதலிக்க நேரமில்லை’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘படகோட்டி’ நான்கும் 1964 என்ற ஒரே வருஷத்தில். ஒரு பக்கம் பாங்கோஸும் கிதாரும், இன்னொரு பக்கம் செனாயும் சாரங்கியும். இதில் எது யார் போட்டது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சேர்த்துத்தான் போட்டார்கள், சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள். 1963ல் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் கிடைத்த பட்டமே ‘மெல்லிசை மன்னர்கள்’. அந்த ‘கள்’ விகுதி சும்மா வந்ததில்லை.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது என் அண்ணனால். அவர் பிறந்தது 1952. இவர்கள் சேர்ந்த வருஷம் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. அப்பா, அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும். அதற்குள் வானொலியில் என்ன பாட்டு வருகிறதோ அதுதான் எங்களுக்கு. அண்ணன் பதினேழு வயதில் ஸ்டோரில் ரப்பர் சீட்டு அடுக்கப் போனார். சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர் வாங்கினார். சுற்றுவட்டத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான் போகும். ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டினால் தோட்டத்தின் அடுத்த பிரிவு (டிவிஷன்) வரைக்கும் கேட்கும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் இருக்கிறதே, சட்டைப்பையில் அடங்குகிற அளவு, அதில் தன்னிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டையும் எழுதி வைப்பார். படம், வருஷம், பாடியவர், எழுதியவர், எத்தனை நிமிஷம், எந்த இடத்தில் கீறல். இசை என்ற கட்டத்தில் ‘வி–ரா’ என்று இருக்கும். விஸ்வநாதன் தனியாகப் போட்டதற்கு ‘வி’. ராமமூர்த்தி தனியாகப் போட்டதற்கு ‘ரா’. பதினோரு புத்தகம். அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. புத்தகங்கள் என் கடை மேசை இழுப்பறையில், நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளை பள்ளி விட்டு வந்து அவற்றைப் புரட்டித்தான் ‘வி–ரா’ என்றால் என்ன என்று கேட்டாள்.

இனி, நீங்கள் வெளியிட்டவற்றைப் பற்றி. என் அலமாரியில் இருப்பதை வைத்தே பேசுகிறேன்.

எல்லாவற்றிலும் மூத்தது ஒரு பெரிய இசைத்தட்டு, 12 அங்குலம், 33 வேகம். அண்ணன் ஈப்போவில் லாகாட் சாலைக் கடையில் வாங்கியது. பக்கத்துக்கு ஆறு பாட்டு. பின்னட்டையில் ஒவ்வொரு பாட்டுக்கும் படம், பாடகர், கவிஞர். மேலே தடித்த எழுத்தில் இரண்டு பெயர். ஆண்டு போடவில்லை, அது ஒரு குறை. பக்கத்தின் கடைசிப் பாட்டு நடுமையத்தை நெருங்கும்போது குரல் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் பாட்டு முழுதாக இருக்கிறது. ‘புதிய பறவை’யில் டி.எம்.சௌந்தரராஜன் பாடும் ‘எங்கே நிம்மதி’ அதில் இரண்டாம் பக்கம் முதல் பாட்டு. பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் வயலின்கள் கூட்டமாக எழும்பி வருமே, அது முழுசாக வரும். கல்யாண வீட்டில் அந்த முன்னிசை தொடங்கினால் பந்தியில் பரிமாறுகிறவர் கூட ஒரு நொடி நிற்பார், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கேசட். எண்பதுகளில் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மூணு வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது காசு. 90 நிமிஷ நாடா. அதே ‘எங்கே நிம்மதி’ அதிலும் உண்டு. ஆனால் வயலின்கள் இல்லை. கத்தரித்தாற்போல நேராகக் குரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு பாட்டிலும் நாற்பது நொடி வெட்டினால் இன்னும் இரண்டு பாட்டு திணிக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் துணி வெட்டுகிறவள். வாடிக்கையாளர் கொடுத்த துணியில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு, பாவாடை தைத்தாயிற்றே என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்களா? வெட்டியது பத்தாதென்று எக்கோவும் சேர்த்திருக்கிறார்கள். ஒற்றை மைக்குக்கு முன்னால் நின்று பாடிய குரலைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டாற்போல இருக்கிறது.

வேகமும் சரியில்லை. எங்கள் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தபோது இந்தக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டார். “இது அரைக்கட்டை மேல இருக்கு. அந்தம்மா குரல் இவ்வளவு மெலிசா இருக்காது” என்றார். பி.சுசீலா பாட்டு. மறுநாள் ஆர்மோனியத்தையே கொண்டுவந்துவிட்டார். இசைத்தட்டில் அவர் விரல் எந்தக் கட்டையில் இருந்ததோ, கேசட்டில் அதற்கு அடுத்த கருப்புக் கட்டைக்கு ஏறவேண்டி இருந்தது. ஆறு விழுக்காடு வேகம் கூடினாலே அரைச் சுரம் ஏறிவிடுமாம். அதன் பிறகு வந்த குறுந்தட்டிலும் அந்தப் பாட்டு அதே உயரத்தில்தான் இருக்கிறது. நல்ல தட்டைத் தேடாமல் கெட்ட நாடாவிலிருந்து படியெடுத்தால் தவறும் கூடவே வரும்தானே.

குறுந்தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் எதிர்பார்த்தேன். தொண்ணூறுகளில் வாங்கியது. அழகான அட்டை, கீறல் சத்தமே இல்லை. முதல் நாள் சந்தோஷமாகக் கேட்டேன். இரண்டாம் நாள் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. அண்ணன்தான் கண்டுபிடித்தார். இரைச்சலை வடிக்கும்போது அந்த உச்சத்தில் இருக்கும் மற்ற ஒலிகளும் சேர்ந்து வடிந்துவிடும். வில் நரம்பில் உரசும் சத்தம், ஜால்ராவின் சிலிர்ப்பு, பாடகி அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பது, எல்லாம் போய்விட்டது. “தூசியைத் தட்டச் சொன்னா தோலை உரிச்சிட்டானுங்க” என்றார். ராமமூர்த்தி வயலின்காரர். அவர் பெயரை அட்டையிலிருந்து எடுத்தவர்கள் அவர் வாத்தியத்தின் ஓசையையும் எடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொரு குறுந்தட்டில் தவறு தலைகீழாக இருக்கிறது. முன்னட்டையில் இரண்டு பெயரும் பெரிதாக. உள்ளே பார்த்தால் ‘அன்பே வா’ இருக்கிறது, அது 1966. ‘உயர்ந்த மனிதன்’ இருக்கிறது, அது 1968. இரண்டும் விஸ்வநாதன் தனியாகப் போட்டவை. இதுவும் தப்புதான். அவர் தனியே உழைத்ததை அவருக்கே கொடுங்கள். ராமமூர்த்திக்குச் சேரவேண்டியதைக் கேட்கிறேனே தவிர, விஸ்வநாதனிடமிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. அவர் பாட்டுகள் இல்லாமல் என் கடையில் ஒரு நாள் ஓடியதில்லை.

எம்பி3 தட்டு ஒன்று. 150 பாட்டு, ஐந்து வெள்ளி. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு பாட்டைத் தவிர. விஸ்வநாதன் ஹிட்ஸ் என்று போட்ட அந்தத் தட்டில் 88ஆவது ‘காகித ஓடம்’. 1966ல் வந்த ‘மறக்க முடியுமா’ படம், சுசீலா பாடியது, மு.கருணாநிதி எழுதியது. இசை டி.கே.ராமமூர்த்தி, தனியாக. பிரிந்த பிறகு அவர் போட்டதில் ஊரே முணுமுணுத்த பாட்டு அது. அண்ணன் புத்தகத்தில் ‘ரா’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார். சேர்ந்து போட்டதில் பெயரை விட்டீர்கள். தனியாகப் போட்டதையாவது அவருக்கு விட்டிருக்கலாம். அவர் தனியே இசையமைத்த படங்களை மட்டும் சேர்த்து ஒரு தொகுப்பு இந்த ஊர்க் கடைகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’, ‘நான்’, ‘மூன்றெழுத்து’ என்று படங்கள் இருக்கின்றனவே.

இப்போது எல்லாம் கைப்பேசியில். பக்கத்து வீட்டுத் தம்பி போட்டுக் கொடுத்தான். ஒரே பாட்டு நான்கு தொகுப்பில் வருகிறது, நான்கும் வெவ்வேறு நீளம். புதுப்பித்த பதிப்பு என்று ஒன்றுக்குப் பெயர். இதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. இந்த இருவரும் ஒரே பாட்டை மகிழ்ச்சிக்கு ஒரு விதமாகவும் துயரத்துக்கு ஒரு விதமாகவும் போட்டிருக்கிறார்கள். ‘புதிய பறவை’யில் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இரண்டு உண்டு. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யும் ஜோடிப்பாட்டாக ஒன்று, சுசீலா தனியாகப் பாடியது ஒன்று. என் கடைக்கு ரவிக்கை தைக்க வரும் ஒரு பாட்டி, எழுபத்தொன்பது வயது, அந்தத் தனிப்பாட்டைத்தான் கேட்பார். “அந்த அழுகைப் பாட்டைப் போடுத்தா” என்பார். கைப்பேசியில் தேடினால் ‘சோகம்’ என்று எழுதியிருக்கும், தொட்டால் ஜோடிப்பாட்டு ஓடும். பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போதெல்லாம் அவர் வரும் நாளில் இசைத்தட்டைத்தான் எடுக்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே, பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எல்லாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்தில் எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை மரங்கள். அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்ல நானும் இன்னும் நாலைந்து பேரும்தான். அச்சில் இருப்பதுதான் நிற்கும் என்பதை அந்தப் புதிர்ப்போட்டி மேடையில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ‘கர்ணன்’ படத்தை 2012ல் புதுப்பித்துத் திரையிட்டார்கள், ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014ல் அப்படி வந்தது. படத்தைச் சுத்தம் செய்தவர்கள் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலை மாற்றவில்லை. திரையில் இரண்டு பெயர் இருக்கிறது. அதே படத்தின் பாட்டை நீங்கள் விற்கும்போது ஏன் ஒன்றாகிவிடுகிறது? ஒவ்வொரு படத்துக்கும் தொடக்கம் இருக்கிறது, ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1965ல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’ இருவருடையது, அதே வருஷத்து ‘கலங்கரை விளக்கம்’ விஸ்வநாதன் தனியாகப் போட்டது. படம் படமாகப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ஒரு படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. நான் சட்டம் காட்டி மிரட்ட எழுதவில்லை. சட்டமே மதிக்கிற ஒன்றை நீங்கள் மதிக்காமல் இருக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவர்களே ஒருவரையொருவர் விட்டுவிடவில்லை. பிரிந்து முப்பது வருஷம் கழித்து 1995ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்குச் சேர்ந்து இசையமைத்தார்கள். 2012ல் தமிழக முதல்வர் ஜெயலலிதா ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தை இருவருக்கும் கொடுத்தார். அடுத்த வருஷம் ஏப்ரலில் ராமமூர்த்தி காலமானார். 2015 ஜூலையில் விஸ்வநாதனும் போனார். சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் இரண்டு நாளும் கடை வாசலில் ஸ்பீக்கர் வைத்து ஒரே பட்டியலைப் போட்டார், 1952லிருந்து 1965 வரை.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். 1952 முதல் 1965 வரை இருவர் பெயரில் வந்த ஒவ்வொரு பாட்டுக்கும், அட்டையிலும் கைப்பேசிப் பட்டியலிலும், இரண்டு பெயரையும் திரையில் இருந்த வரிசையிலேயே போடுங்கள். ராமமூர்த்தி தனியாகப் போட்டதற்கு அவர் பெயர். பாட்டை வெட்டாதீர்கள், எக்கோ சேர்க்காதீர்கள், வேகத்தை ஆர்மோனியம் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபாருங்கள். ஒற்றை ஒலிப்பதிவாக (மோனோ) இருந்ததை அப்படியே கொடுங்கள், எங்களுக்கு அதுவே போதும். ஆண்டைப் போடுங்கள். ஏற்கெனவே கைப்பேசியில் ஏற்றிவிட்டதைத் திருத்துவதற்குப் புதிதாக அச்சடிக்கவும் வேண்டியதில்லை.

அண்ணனுடைய பதினோரு புத்தகங்களையும் அந்தப் பிள்ளை பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கடையில் வெட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, கோடு போட்டு, கட்டம் கட்டமாக. இதுவரை நான்கு முடித்திருக்கிறாள். ‘வி–ரா’ என்று சுருக்கி எழுதவேண்டாம் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயரையும் முழுதாக எழுதுகிறாள். உங்களுக்குத் தேவைப்பட்டால் படியெடுத்து அனுப்புகிறேன், தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்